ஜல்லிக்கு ஊரைப் பழக்கினேன்

என் மகளுக்கு மாமனாராக வரவிருந்தவர் முதன்முதலாக எங்கள் வீட்டுப் படியேறியபோது, நான் என் மனைவியின் பூப்போட்ட நைட்டியை அணிந்து, தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, விரித்த குடையோடு கூடத்தின் நடுவே நின்றிருந்தேன்.

இதற்கு நியாயமான விளக்கம் ஒன்று உண்டு. என் வாழ்க்கையில் நியாயமான விளக்கங்கள் எல்லாம் ஆட்கள் போன பிறகுதான் வந்து சேரும் என்பது இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

"வீடு... இதுதானுங்களே?" என்றார் வந்தவர். விழுப்புரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் தங்கராசு. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அவர் மனைவி, கையில் பழப் பை. அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தவர்கள். எங்கள் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டார்கள்.

"இதுதாங்க. வாங்க, வாங்க" என்றேன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அவ்வளவுதான். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு உருண்டை வெடித்து வெளியே வந்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது. தங்கராசுவைப் பார்த்து ஊளையிட்டது. நின்ற இடத்திலேயே தரையை நனைத்தது. பிறகு பாதுகாப்பு தேடி நைட்டிக்குள் நுழைந்து என் கால்களுக்கு நடுவே நின்றபடி உலகத்தைத் திட்டியது.

வருங்காலச் சம்பந்தி, அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த முக்காலியின் மேல் ஏறியிருந்தார்.

சமையலறையிலிருந்து என் மனைவி சுமதி எட்டிப் பார்த்தாள். முக்காலி மேல் நிற்கிறவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேரிடர் நேரங்களில் அவள் குரல் மிகவும் மென்மையாகிவிடும்.

"போய் வேட்டி கட்டிக்கினு வாங்க" என்றாள்.

நைட்டியின் நியாயம்

நாய்க்குட்டி வளர்ப்பது பற்றி ஒரு வெளிநாட்டுக்காரர் பேசும் காணொளி அது. பிறந்த சில மாதங்களுக்குள் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அதற்கெல்லாம் பிற்காலத்தில் பயப்படாது என்றார். தொப்பிக்காரர், தாடிக்காரர், குடை பிடித்தவர், கைத்தடி வைத்தவர், குண்டானவர், ஒல்லியானவர், எல்லோரையும் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பதோ சுமதியும் நானும்தான். ஆகவே மீதி மனித குலம் முழுவதையும் நானே ஏற்று நடிப்பது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் பஞ்சை ஒட்டித் தாடிக்காரனாகியிருந்தேன். அன்று பெண்கள் பகுதி. ஹெல்மெட்டும் குடையும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக.

விளக்கம் இவ்வளவுதான். சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். "அப்படிங்களா" என்றார். அந்த ஒரு சொல்லில், சம்பந்தத்தையே இன்னொரு முறை யோசித்துப் பார்க்கிற ஒருவரின் தொனி இருந்தது.

காப்பி குடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "பொண்ணு, வீடு, மனுஷங்க, எல்லாம் எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. ஆவணியில நிச்சயம் வெச்சிக்கலாம். ஆனா எனக்கு நாயின்னா ஆவாதுங்க. சின்னதுல கெண்டக்கால் சதைய எடுத்துக்கினு போயிடுச்சு ஒண்ணு. நிச்சயத்தன்னிக்கு அத மட்டும்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்துவைக்க சுமதி இருந்தாள்.

"கெடாருக்கு அனுப்பிடறோம்ண்ணா" என்றாள்.

கெடார் என்றால்

கெடாரில் சுமதியின் தம்பி ஏழுமலை இருக்கிறான். கேப்பை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, கொஞ்சம் நெல் என்று நன்றாக விவசாயம் செய்கிறவன். நிலத்து மோட்டார் கொட்டகைக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். செய்தி போன வேகத்தில் பதில் வந்தது. சங்கிலி வாங்கிவிட்டானாம்.

அந்தக் கொட்டகை எனக்குத் தெரியும். தகரக் கூரை, ஒரு பூவரச மரம், மோட்டார் ஓடும்போது அதன் இரைச்சல், ஓடாதபோது ஒன்றுமில்லை. கம்பத்தில் கட்டிய நாய் அங்கே பார்க்கக்கூடிய ஒரே மனித முகம் ஏழுமலையுடையது. நல்ல முகம்தான். ஆனால் ஆயுள் முழுக்க அது ஒன்றே போதும் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் அண்டை மாவட்டத்தில், செங்கத்துப் பக்கம், பழங்காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை கவர வந்த கள்வர்களைக் கடித்து, இறந்த தலைவனுக்குப் பக்கத்தில் காவல் நின்ற ஒரு நாயையும் அதில் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக நிலைத்துவிட்ட கருத்து. எங்கள் வீட்டிலிருந்ததோ குக்கர் விசிலுக்குச் சோபாவுக்கு அடியில் போகிற ஜீவன்.

விசில் மட்டுமல்ல. துடைப்பம், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, தும்மல், செய்தித்தாளைப் புரட்டும் சத்தம், எல்லாம் பயம். என் கட்டுரையை உரக்கப் படித்தபோது மட்டும் அது பயப்படவில்லை. தூங்கிவிட்டது.

அதைக் கொண்டுவந்தவள் என் மகள் கயல். சென்னையில் வேலை. வார இறுதியில் ஊருக்கு வந்தவள், நெடுஞ்சாலை ஓரத்தில் சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலின் மேல் இது தனியாகக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். கருங்கல் ஜல்லிக்கும் இதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. பெயர் தானாக அமைந்தது.

கெடார் என்றதும் கயல் போனிலேயே அழுதுவிட்டாள். எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது.

"ஆடி முடியற வரைக்கும் டைம் குடு சுமதி" என்றேன். "நிச்சயத்தன்னிக்கு இது மனுஷங்களைப் பாத்துக் கத்துச்சுன்னா, ஒளிஞ்சிச்சுன்னா, நானே கெடாருக்குக் கொண்டுபோய் விடறேன்."

"நீங்களா பழக்கப் போறீங்க?" என்றாள் அவள். "மொதல்ல நீங்க மனுஷங்களைப் பாத்தா ஒளியாம இருங்க."

நெல் மூட்டைக்குப் பின்னால் ஒருவன்

சுமதி சொன்னதில் உண்மை இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். அந்த இடுக்கில் சணல் வாசனையும் அந்துப்பூச்சிகளும் இருக்கும். வந்தவர்களைவிட அந்துப்பூச்சிகளோடு எனக்கு ஒத்துப்போயிற்று.

அப்பா காதைப் பிடித்து இழுத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்துவார். "மாமாவுக்கு வணக்கம் சொல்றா. ஒரு பாட்டு பாட்றா." நான் பாடுவேன். அந்தப் பாட்டைக் கேட்ட எந்த மாமாவும் திரும்ப வந்ததாக நினைவில்லை.

இன்றைக்கும் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து, மொய்க் கவரை முன்வரிசையில் கிடைத்தவரிடம் கொடுத்துவிட்டு, புகைப்படக்காரர் மேடைக்கு வருவதற்குள் பேருந்தில் இருப்பேன். வாரப் பத்திரிகையில் எழுதுவது எனக்குப் பிடிப்பதற்கு முக்கியக் காரணம், வாசகர்கள் நேரில் வருவதில்லை என்பதே.

ஆகவே ஜல்லியின் பிரச்சினை எனக்கு அந்நியமானதல்ல. ஆனால் பிரச்சினை புரிவதும் வைத்தியம் தெரிவதும் வேறு வேறு. என் முதல் காரியமே அப்பா செய்ததுதான்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். விடியும் முன்பே குழாய் ஒலிபெருக்கி, பம்பை, உடுக்கை, மஞ்சள் சேலையில் பெண்கள், வேப்பிலை, அண்டா அண்டாவாகக் கேப்பைக் கூழ். ஒரு நாய்க்குட்டி பார்க்க வேண்டிய மொத்த உலகமும் இலவசமாக வாசலுக்கு வருகிற மாதம். ஜல்லியைத் தூக்கிக்கொண்டு நேரே ஒலிபெருக்கிக்கு அடியில் போய் நின்றேன்.

அது முதலில் என் சட்டையை நனைத்தது. பிறகு என் தோளில் ஏறி, தலைமேல் ஏற முயன்றது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையோடு நின்று பார்த்தார்கள்.

"அதுக்கு இன்னா வந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

"அதுக்கு ஒண்ணும் வரல. தூக்கிக்கினு வந்த ஆளுக்குத்தான்" என்றாள் இன்னொருத்தி.

டாக்டரம்மா சொன்னது

இரண்டாவது ஊசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். இளம் வயது டாக்டரம்மா. காணொளியை நம்புகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இழுத்துக்கினு போகாதீங்க சார். தூரமா உக்காருங்க. அது பாக்கட்டும். தானா ஒரு அடி வெச்சா ஏதாவது திங்கக் குடுங்க. பின்வாங்குச்சா, நீங்களும் எழுந்து வந்துடுங்க. அவ்ளோதான். புது ஆளுங்க கையால சாப்பிட வெச்சா ரொம்ப நல்லது."

இந்த டாக்டரம்மா எனக்கு ஐந்து வயதில் கிடைத்திருந்தால் நான் இன்று அமைச்சராகியிருப்பேன்.

அன்று முதல் என் வேட்டி மடியில் வேகவைத்த மல்லாட்டை இருந்தது. உப்புப் போடாமல் வேகவைத்தது. அதற்கு ஜல்லி உயிரையே விடும். கூழ் வார்க்கும் இடத்துக்கு எட்டத்தில், மூடிய கடை ஒன்றின் படியில் இருவரும் உட்காருவோம். பம்பை முழங்கும். ஜல்லி நடுங்கும். நடுங்கிக்கொண்டே ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்க்கும். ஒரு மல்லாட்டை. கழுத்தை நீட்டும். இன்னொன்று. அடுத்த முறை ஒரு கடை முன்னால் நகர்ந்தோம்.

ஆடி பாதி கடந்த ஒரு வெள்ளிக்கிழமை, பம்பைக்காரர் பக்கத்திலேயே நின்று வாசிக்கும்போது ஜல்லி கொட்டாவி விட்டது. என் மகள் முதல் வகுப்பில் தேறியபோதுகூட நான் அப்படித் தெருவில் நின்று யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று துடித்ததில்லை.

"ஏழரையா, அஷ்டமமா?"

சத்தம் பழகிவிட்டது. ஆட்கள் பழகவில்லை. யாராவது குனிந்து கை நீட்டினால் போதும், ஜல்லி என் வேட்டிக்குப் பின்னால் போய்விடும். புது ஆட்கள் கையால் சாப்பிட வேண்டுமே. புது ஆட்களிடம் நான் எப்படிப் போய்க் கேட்பது?

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, பேருந்துகள் நிற்கும் இடத்தில், ஜல்லியோடு போய் நின்றேன். ஒரு மணி நேரம் போல மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒருவரை நெருங்கினேன்.

"அண்ணே, இந்த மல்லாட்டைய என் நாய்க்குக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் நாய்க்கு நீயே குடேன்யா" என்றார். மறுக்க முடியாத வாதம்.

இன்னொருவர் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு அடுத்த பேருந்துக்குத் தள்ளிப் போனார். அது அவர் போக வேண்டிய பேருந்து அல்ல என்று பிறகு தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் அஞ்சலை. அங்கே பூக்கட்டி விற்கிறவள். நாரைப் பல்லில் கடித்தபடியே கூப்பிட்டாள்.

"இங்க வா சாமி. ஏழரையா, அஷ்டமமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நாயைப் பழக்கறேம்மா, அவ்ளோதான்" என்றேன்.

"சரி சரி. வெளிய சொன்னா பலிக்காது. எனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, ஆனால் பேருந்து நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி, "சனி பரிகாரம்டி. கறுப்பு நாய், பைரவர் வாகனம். ஊர்ப்பட்ட ஜனங்க கையால போட வெக்கச் சொல்லியிருக்கான் ஜோசியக்காரன். பாவம், நல்ல குடும்பத்து ஆளு, ரொம்பப் படுத்துது போல" என்றாள்.

வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஜோசியத்தையும் பரிகாரத்தையும் கிண்டல் செய்து இந்தப் பக்கங்களிலேயே நான் எழுதிக் குவித்தவன். பாராட்டிக் கடிதம் போட்டவர்களும் உண்டு, சாபம் விட்டவர்களும் உண்டு. இப்போது வாயைத் திறந்து "அதெல்லாம் இல்லை" என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குள் அஞ்சலை என் கையிலிருந்து மல்லாட்டையை வாங்கி உரித்து, பூக்கூடைக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்துவிட்டு, ஜல்லியைப் பார்க்காமல் பூக்கட்டத் தொடங்கியிருந்தாள். டாக்டரம்மா சொன்னபடியே, இழுக்காமல். ஜல்லி என் வேட்டியிலிருந்து மூக்கை நீட்டியது. ஓர் அடி. நின்றது. இன்னொன்று. உடம்பு முழுக்கப் பின்னால் இருக்க, கழுத்து மட்டும் ரப்பர் போல நீண்டு போய், அந்த உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொண்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் பகுத்தறிவு அந்த மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"எம் பையனுக்கும் நேரம் சரியில்ல. நானும் போடலாமா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"யார் வேணா போடலாம்மா" என்றேன்.

கிரகங்களின் உதவி

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் ஜல்லியோடு போய் நின்றால் போதும். ஆடி மாதம், பக்தி பொங்கும் காலம். திண்டிவனத்தில் இத்தனை பேருக்குச் சனி நடக்கிறதா என்று எனக்கே வருத்தமாகிவிட்டது.

காக்கிச் சட்டை ஆட்டோக்காரர் வந்தார். போக்குவரத்துப் பெண் காவலர் தொப்பியைக் கழற்றாமலேயே குனிந்தார். தாடி வைத்த சாமியார், மூங்கில் கழி ஊன்றிய பெரியவர், ஹெல்மெட்டோடு வந்த கல்லூரிப் பெண்கள். அந்த வெளிநாட்டுக்காரர் சொன்ன பட்டியல் முழுவதும் வரிசை கட்டி வந்தது. என்னிடம் நைட்டி மட்டும்தான் இருந்தது. ஊரிடம் எல்லாமே இருந்தது.

டீக்கடை பாய் பிஸ்கட்டைப் பிட்டுக்கொண்டு வந்து, "நமக்கு அந்த ஜோசியமெல்லாம் கெடையாது சார். வாயில்லா ஜீவன், அதான்" என்றார். செவிலியர் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கழுத்துச் சிலுவையைப் பின்னால் தள்ளிவிட்டு, "எங்களுக்குக் கிரகம் இல்லீங்க. சும்மா குடுக்கறேன்" என்று சுற்றும் முற்றும் பார்த்தபடி கொடுத்தாள்.

ஜல்லி வேட்டிக்குப் பின்னாலிருந்து பக்கத்துக்கு வந்தது. பக்கத்திலிருந்து முன்னால் வந்தது. யாராவது எதிரே நின்றால் பின்னங்காலை மடித்து உட்கார்ந்து, பறிக்காமல் தாவாமல், கொடுக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. அந்தக் காத்திருப்பை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கும்பிட்டு, கண்ணை மூடி, வேண்டிக்கொண்ட பிறகுதான் எல்லோரும் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டுதல் நீளம். பொறுமையைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

என்னையும் நாலு பேர் நலம் விசாரித்தார்கள். "இப்ப கொஞ்சம் பரவால்லியா?" என்பார்கள். "பரவால்லீங்க" என்பேன்.

விழுப்புரம்

ஆடிக் கடைசியில் ஏழுமலை மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் மண்டிக்குப் போகிற வழியாக, ஊர் சுற்றித் திண்டிவனம் வந்தான். குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி. அவன் வந்த காரணம் எனக்குத் தெரியும். இருக்கைக்கு அடியில் சங்கிலி இருந்தது.

"நிச்சயத்துக்கு முன்னாடியே தள்ளிக்கினு போயிடலாம்னு அக்கா சொல்லிச்சு மாமா. அன்னிக்கு எதுக்கு பேஜாரு?"

"விழுப்புரம் வரைக்கும் நானும் வர்றேன் ஏழுமலை. ஜல்லியும் வரும். ஜங்ஷன்ல நின்னு கத்துச்சுன்னா அப்படியே கெடாருக்குக் கொண்டுபோ."

சொல்லிவிட்டேனே தவிர, வழியெல்லாம் இருக்கைக்கு அடியில் சங்கிலி குலுங்குவதையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஜல்லி என் மடியில் உட்கார்ந்து காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தது. மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு, ரயில் நிலையத்துக்கு வெளியே தண்டவாளம் தெரிகிற ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினான்.

விழுப்புரம் ஜங்ஷன் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே போகிற ரயிலும் அங்கே வந்து கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும். ஜல்லியைத் தரையில் விட்டேன். திண்டிவனத்தில் அதற்கு ரயிலைக் காட்டவில்லை. மறந்துவிட்டேன்.

சரக்கு ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. பெட்டிகள் முடியாமல் வந்துகொண்டே இருந்தன. ஜல்லியின் வால் வயிற்றுக்குள் போனது. காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. ஏழுமலை வண்டிக் கதவைத் திறந்து சங்கிலியை எடுத்தான்.

நான் ஒன்றும் செய்யவில்லை. பயிற்சியினால் அல்ல, என்ன செய்வதென்று தெரியாமல். அப்படியே மண்ணில் குந்தினேன். ஜல்லி ரயிலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி ரயிலைப் பார்த்தது. பிறகு திரும்பி, பயணப் பையோடு அங்கே நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு வேட்டிக்காரரின் முன்னால் போய், பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது. முகத்தை நிமிர்த்தியது. காத்திருந்தது. அதன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுக்கத்தோடு அது தேடிப் போனது சோபாவின் அடியை அல்ல, ஒரு மனிதனை.

"இன்னா இது, மரியாதியா உக்காருது?" என்று சிரித்த அந்தப் பயணி, பையைத் துழாவி ஒரு முறுக்கை எடுத்தார்.

ஏழுமலை சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "இன்னிக்கு ஓகே மாமா. நிச்சயத்துல பாப்போம்" என்றான்.

நிச்சயம்

ஆவணியில் அந்த நாளும் வந்தது. வாசலில் வாழை, கூடத்தில் ஜமக்காளம், மூலையில் நாதஸ்வரமும் தவிலும். சுமதியின் உத்தரவுப்படி ஜல்லி பின்கட்டில், கிணற்றடித் தூணில் கட்டியிருந்தது. "ஒரு சத்தம் கேட்டுச்சு, மத்தியானமே கெடாரு" என்றாள். ஏழுமலையின் வண்டி வாசலில் தயாராக நின்றது.

விழுப்புரத்திலிருந்து இரண்டு வேனில் வந்தார்கள். தட்டுகள் அடுக்கப்பட்டன. தங்கராசு உட்காருவதற்கு முன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்று உறுதியானதும் உட்கார்ந்தார்.

சம்பந்தியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பைரவர் நாயி இருக்குதாமே. எங்க சித்தி பொண்ணு சொன்னா. கையால போட்டா சனி வெலகிடுமாம். இவருக்கு அஷ்டமம் நடக்குதுங்க. போற வழியில பாக்கலாமான்னு..."

கயல் என்னைப் பார்த்தாள். சுமதி என்னைப் பார்த்தாள். ஏழுமலை கூரையைப் பார்த்தான்.

"அது நம்ம வீட்லதாம்மா இருக்கு" என்றேன்.

தங்கராசுவின் முகத்தில் ஓடியதை என்னால் விவரிக்க முடியாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் இழுத்தது. அஷ்டமம் இன்னொரு பக்கம் இழுத்தது. கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி... கொண்டாங்க. புடிச்சிக்குங்க" என்றார்.

பின்கட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். ஜல்லி கூடத்துக்குள் வந்தது. அத்தனை புது முகங்கள், பட்டுச் சேலைகளின் சரசரப்பு, பன்னீர், ஊதுவத்தி, குழந்தைகளின் கூச்சல். நான் கயிற்றைத் தளர விட்டேன். இழுக்கவில்லை. அது தட்டுகளைத் தாண்டி, ஒரு பழத்தைக்கூட முகர்ந்து பார்க்காமல், நேரே போய்த் தங்கராசுவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது.

மல்லாட்டையைக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மல்லாட்டை தரையில் விழுந்தது. ஜல்லி அதை எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தது. அந்தக் கணத்தில் யாரோ எதற்கோ கைகாட்ட, தவில்காரர் கெட்டிமேளம் முழக்கிவிட்டார். கூடத்தில் பாதிப் பேர் துள்ளி எழுந்தார்கள். ஜல்லி ஒரு காதைத் திருப்பியது. அவ்வளவுதான். மறுபடி அவரைப் பார்த்தது.

தங்கராசு ஒரு காலைக் கீழே இறக்கினார். பிறகு இன்னொன்று. விழுந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஜல்லி உதட்டால் எடுத்துக்கொண்டது.

"பல்லே படல" என்றார், யாரிடமென்று இல்லாமல். "இவளே, பல்லே படல." ஒரு விரலை நீட்டி ஜல்லியின் நெற்றியைத் தொட்டார். பிறகு முழுக் கையும் போனது. அந்தக் கை அதன் தலையிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று. ஐம்பது ஆண்டுப் பயம், மெதுவாகத்தான் இறங்கும்.

அன்று தாம்பூலம் மாற்றிக்கொண்ட புகைப்படத்தில் என்னைப் பாருங்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஓடிப்போகிறவன், நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன். மகளுக்கு நல்ல இடம் அமைந்த பெருமை என்று எல்லோரும் நினைத்தார்கள். கயலுக்கு மட்டும் உண்மை தெரியும். என் கையைக் கிள்ளி, "அப்பா, தவிலுக்குக்கூட அசையலப்பா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கண் கலங்கியது ஊதுவத்திப் புகையால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு வாசலுக்கு வந்தேன். ஏழுமலை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஜல்லி அவன் பக்கத்துக் கதவருகே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. தோற்றவனிடம் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று நான் மெதுவாகத்தான் கேட்டேன்.

"பாத்தியா ஏழுமலை? இப்ப இன்னா சொல்ற?"

"இன்னா சொல்றது மாமா" என்று சாவியைத் திருப்பினான். "இத இனிமே சும்மா குடுத்தாலும் எனக்கு வாணாம். மோட்டார் திருட வர்றவன் முன்னாடியே போய் இப்படித்தான் உக்காந்துக்கும்."